பிகினித் தீவின் கதிர்வீச்சு அளவீடு: எந்த எண்ணை வெளியிடுவது?

பசிபிக் பெருங்கடலில் மார்ஷல் தீவுகளின் வடபகுதியில் உள்ள பிகினியில் 1946 முதல் 1958 வரை அமெரிக்கா 23 அணுகுண்டுச் சோதனைகளை நடத்தியது. 1954 மார்ச் 1 அன்று அங்கு வெடித்த காசில் பிராவோ குண்டின் ஆற்றல் மட்டும் 15 மெகாடன். சோதனைக்காக வெளியேற்றப்பட்ட மக்கள் இனித் திரும்பலாம் என்று 1968இல் அதிபர் லிண்டன் ஜான்சன் அறிவித்தார். அதை நம்பிச் சில குடும்பங்கள் எழுபதுகளில் குடியேறின; 1978இல் அவர்களை மீண்டும் வெளியேற்ற வேண்டியதாயிற்று. அவர்களின் உடலில், அணுவெடிப்பில் உருவாகும் கதிரியக்கப் பொருளான சீசியம்-137 சேர்ந்துகொண்டே போனதுதான் காரணம்.

தரைக்கு ஒரு மீட்டர் உயரத்தில் பிடிக்கப்படும் காமா அளவி, மண்ணிலிருந்து வெளிப்பட்டு உடலை வெளியிலிருந்து தாக்கும் கதிர்களை மட்டுமே காட்டும். உணவு வழியாக உள்ளே செல்வது அதில் பதிவாகாது. பிகினியில் அந்த இரண்டாம் வழியே பெரிது. பவளச் சுண்ணாம்பு மண்ணில் பொட்டாசியம் மிகக் குறைவு என்பதாலும், சீசியம் வேதியியலில் பொட்டாசியத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதாலும், பொட்டாசியத்தைத் தேடும் தென்னை வேர்கள் சீசியத்தையும் உறிஞ்சி இளநீரிலும் தேங்காயிலும் சேர்த்துவிடுகின்றன. தீவுமக்களுக்கோ தேங்காய் அன்றாட உணவு.

ஆகவே, ஆய்வு முடிவை வெளியிடும்போது, அங்கு வாழ்பவர் என்ன உண்பார் என்ற ஊகத்தையும் எண்ணோடு சேர்த்தே அச்சிட வேண்டும். சர்வதேச அணுசக்தி முகமை 1998இல் வெளியிட்ட அறிக்கை, முழுக்க முழுக்க உள்ளூர் உணவையே உண்பவர் ஆண்டுக்கு ஏறத்தாழ 15 மில்லிசீவர்ட் (உடல் பெறும் கதிர்வீச்சின் அலகு) பெறக்கூடும் என்றது; உலகச் சராசரி இயற்கைக் கதிர்வீச்சு 2.4தான். இறக்குமதி உணவைக் கணிசமாகச் சேர்த்துக்கொள்பவருக்கு, அதே மண்ணில், அதே ஆண்டில், இந்த எண் வெகுவாகக் குறையும். இவற்றில் ஒன்றை மட்டும் தலைப்புச் செய்தியாக்குவது, பொய் சொல்லாமலேயே ஏமாற்றுவதாகும்.

2016இல் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு வெளியிட்ட பிகினித் தீவின் சராசரியான ஆண்டுக்கு 184 மில்லிரெம் (அதே கதிர்வீச்சுக்கான மற்றோர் அலகு) என்பது காமா கதிர்களை மட்டும் குறிப்பது. அமெரிக்காவும் மார்ஷல் தீவுகளும் ஏற்றுக்கொண்ட வரம்போ 100. உணவைக் கணக்கில் சேர்க்கும் முன்பே வரம்பு மீறப்பட்டுவிட்டது. 100 மில்லிரெம் என்பது 1 மில்லிசீவர்ட் ஆதலால், இந்த 184ஐ முந்தைய அறிக்கையின் 15க்கு அருகில் அலகு பாராமல் வைப்பவர் தவறான முடிவுக்கு வருவார். அலகை மாற்றினால் அது 1.84தான். ஒன்று வெளிக்கதிரையும் மற்றொன்று பெரும்பாலும் உணவையும் அளப்பதால், அலகை மாற்றிய பின்னும் இரண்டும் நேரடியாக ஒப்பிடத்தக்கவை அல்ல.

அளந்த தேதியும் இன்றியமையாதது. சீசியம்-137இன் அரைவாழ்வுக் காலம், அதாவது அது பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 30 ஆண்டுகள். மழைநீர் அதை வேர்களுக்கு எட்டாத ஆழத்துக்குக் கரைத்துச் செல்வதால் மரங்களுக்குக் கிடைக்கும் அளவு அதைவிட வேகமாகவே குறைகிறது. தென்னைகளுக்குப் பொட்டாசிய உரம் இட்டால் காய்களில் சேரும் சீசியம் மேலும் பெருமளவு குறைவதும் சோதனைகளில் தெரிந்துள்ளது. எனவே தேங்காயில் கண்ட அளவோடு, அந்த மரத்துக்கு உரம் இடப்பட்டதா, எப்போது இடப்பட்டது என்பதும் அட்டவணையில் இடம்பெற வேண்டும்.