"உனக்கு எங்கம்மா போச்சு புத்தி?"

போலீஸ் வேடத்தில் வீடியோ காலில் வந்து, 'உங்களைக் கைது செய்திருக்கிறோம்' என்று மிரட்டிப் பணம் பறிக்கும் 'டிஜிட்டல் அரெஸ்ட்' மோசடியில் பணத்தை இழந்தவர்கள் ஆலோசனைக்குத் தனியாக வருவது குறைவு. மகனோ மகளோதான் கூட்டி வருகிறார்கள். பணம் போனபின் தூக்கமும் போய், சாப்பாடும் இறங்காமல், அக்கம்பக்கத்தார் முகத்தில் விழிக்கவே கூசிப்போன நிலையில் வருகிறார்கள். உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே கூட வந்தவர் அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார். "எத்தனை பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுத்திருக்க, உனக்கு எங்கம்மா போச்சு புத்தி?"

மகளால் அப்படிக் கேட்கப்பட்டவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) அவர் பெயரில் போன பார்சலில் போதைப்பொருள் இருந்ததாக ஒரு போன். அப்புறம் 'மும்பை போலீஸ்' வீடியோ காலில் வந்தது: காக்கி உடுப்பு, பின்சுவரில் அசோகச் சின்னம், இடையிடையே வாக்கி டாக்கி இரைச்சல். இரண்டு நாள் போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துக்கொண்டே சமைத்திருக்கிறார். எவ்வளவு பணம் போனது என்று சொன்னபோது அவர் குரல் மாறவில்லை. "குளிச்சிட்டு வரட்டுமா சார்னு அவன்கிட்ட கேட்டேன்" என்று சொல்லும்போதுதான் உடைந்து அழுதார்.

ஒருவர் செய்த காரியத்துக்கு அவருடைய குணத்தையோ அறிவையோ உடனே காரணமாக்கிவிட்டு, அவர் மாட்டியிருந்த சூழ்நிலையைக் கணக்கில் எடுக்காமல் விடுகிறோம். இந்தப் பழக்கத்துக்கு 1977இல் லீ ராஸ் என்ற உளவியலாளர் 'அடிப்படைக் காரணப் பிழை' என்று பெயர் வைத்தார். மகளின் கேள்வி அதுதான். "பேராசை பிடித்தவன்தான் ஏமாறுவான்" என்பதும் அதே ரகம். இந்த மோசடியில் பேராசைக்கு இடமே இல்லை, முழுக்கப் பயம்தான்.

சூழ்நிலை ஒருவரை எவ்வளவு தூரம் இழுத்துச் செல்லும் என்பதற்கு ஸ்டான்லி மில்கிராம் என்ற உளவியலாளர் 1963இல் வெளியிட்ட ஆய்வைத்தான் நான் வழக்கமாகச் சொல்வேன். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில், ஆய்வாளர் சொல்லச் சொல்ல, ஆய்வில் கலந்துகொண்டவர் அடுத்த அறையில் இருப்பவருக்கு மின்னதிர்ச்சி கொடுக்க வேண்டும். அதிர்ச்சி நிஜமல்ல, பொத்தானை அழுத்துபவருக்கு அது தெரியாது. 40 பேரில் 26 பேர் கடைசிப் பொத்தானான 450 வோல்ட் வரை போனார்கள். ஆயிரத்தில் ஒருவர்தான் அவ்வளவு தூரம் போவார் என்று மனநல மருத்துவர்களே கணித்திருந்தார்கள்! இந்த ஆய்வின் மேல் நியாயமான விமர்சனங்களும் உண்டு, இன்றைக்கு இதைச் செய்ய எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது. ஆனாலும் அதிலும், அதையே கொஞ்சம் மாற்றி மில்கிராம் செய்த மற்ற சோதனைகளிலும் மூன்று விஷயங்கள் இந்த மோசடியோடு அப்படியே பொருந்துகின்றன.

முதலாவது, படிப்படியாக ஏற்றுவது. அங்கே ஒவ்வொரு பொத்தானுக்கும் 15 வோல்ட்தான் கூடும். இங்கேயும் எடுத்த எடுப்பில் யாரும் பணம் கேட்பதில்லை. லைனில் இருங்கள், ஆதார் எண் சொல்லுங்கள், கதவைச் சாத்துங்கள், எந்த வங்கியில் எவ்வளவு இருக்கிறது, சரிபார்த்துத் திருப்பித் தந்துவிடுவோம், அனுப்புங்கள். நாலுக்கு இணங்கியவருக்கு ஐந்தாவதில் மறுக்க வாய் வராது.

இரண்டாவது, ஆய்வாளர் எதிரில் இல்லாமல் போனில் உத்தரவு போட்டபோது, கடைசிவரை பணிந்தவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தார்கள். மோசடிக்காரர்கள் இந்த ஆய்வைப் படித்திருக்க மாட்டார்கள், ஆனாலும் வீடியோவை அணைக்கவே விடுவதில்லை. அதிகாரியை வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து உட்கார வைக்கும் வேலையை அந்தக் காக்கி உடுப்பு செய்கிறது.

மூன்றாவதுதான் நமக்கு உதவுவது. பக்கத்தில் இருந்த இரண்டு பேர் "நான் மாட்டேன்" என்று எழுந்துவிட்டபோது, 40 பேரில் 4 பேர்தான் கடைசிவரை போனார்கள். "யாரிடமும் மூச்சு விடக்கூடாது, சொன்னால் உன் மகளும் உள்ளே போவாள்" என்று மிரட்டுவது இதனால்தான். வங்கியில் கேட்டால் என்ன பொய் சொல்ல வேண்டும் என்பதுவரை சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். அந்தப் பொய்யை நம்பாமல் வங்கி ஊழியர் இன்னும் இரண்டு கேள்வி கேட்டதில் பணம் தப்பிய செய்திகளும் வந்திருக்கின்றன.

சட்டம் நேர் எதிராக இருப்பதையும் வீட்டில் உள்ள பெரியவர்களிடம் சொல்லி வையுங்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 48ஆம் பிரிவின்படி, ஒருவரைக் கைது செய்தால் உறவினருக்கோ நண்பருக்கோ போலீஸ் தகவல் சொல்லியே ஆக வேண்டும். வீடியோ காலில் கைது என்ற ஒன்று இந்தியச் சட்டத்தில் கிடையாது. சும்மா "ஜாக்கிரதையா இரும்மா" என்பதைவிட, "யாராவது உன்னை எங்கிட்ட சொல்லாதேன்னு சொன்னா, உடனே எனக்குப் போன் பண்ணு" என்பது பதற்றத்திலும் ஞாபகத்துக்கு வரும். அப்படிப் போன் வரும்போது திட்ட மாட்டீர்கள் என்ற நம்பிக்கையும் அவருக்கு வேண்டும். சின்ன விஷயத்துக்கெல்லாம் "உனக்கு ஒண்ணும் தெரியாது" என்று அம்மாவின் வாயை அடைக்கிற வீட்டில் அந்த போன் வராது.

பணம் போய்விட்டதா? சைபர் குற்றப் புகாருக்கான உதவி எண் 1930க்கு உடனே பேசுங்கள். சீக்கிரம் சொன்னால், பணம் கைமாறுவதற்குள் கணக்கை முடக்க வாய்ப்பு இருக்கிறது. விசாரணையை வீட்டில் அப்புறம் வைத்துக்கொள்ளலாம். சில நாள் அவரைத் தனியாக விடாதீர்கள். "நான் இருந்து என்ன பிரயோசனம்" என்கிற மாதிரிப் பேச்சு வந்தால் அதைப் புலம்பல் என்று தள்ளிவிடாமல், டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416க்குக் கூப்பிடுங்கள். அரசின் இலவச சேவை, இரவு பகல் எந்நேரமும், தமிழிலேயே பேசலாம்.