கையெழுத்துப் போட மறுத்த டாக்டர் கெல்சி

எங்கள் மருந்துக்கடையில் சாயங்காலம் ஆனால் அதிகம் காதில் விழுவது, "அண்ணே, புள்ள ராத்திரியெல்லாம் இருமுது, நல்ல டானிக்கா ஒண்ணு குடுங்க" என்பதுதான். டாக்டர் சீட்டு இருக்கிறதா என்று கேட்டால் சிலருக்கு முகம் வாடிவிடும். கேட்பதற்குக் காரணம் இருக்கிறது.

1937-ல் அமெரிக்காவில் சல்பனிலமைடு என்ற மருந்தை டானிக்காக விற்க நினைத்தார்கள். அதைக் கரைக்க டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுத் திரவத்தை ஊற்றி, ராஸ்பெர்ரி சுவையும் சேர்த்தார்கள். அது உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா என்று சோதிக்கவே இல்லை. சிறுநீரகம் பழுதாகி 100 பேருக்கு மேல் இறந்தார்கள், அதில் நிறையக் குழந்தைகள். சிகாகோ பல்கலைக்கழகத்தில் அந்த டானிக்கை எலிகளுக்குக் கொடுத்து ஆராய்ந்த குழுவில் ஃபிரான்சிஸ் ஓல்டம் என்ற மாணவி இருந்தார். மருந்தின் பாதுகாப்பை விற்பனைக்கு முன்பே காட்ட வேண்டும் என்ற சட்டம் 1938-ல் வந்தது.

அந்த மாணவிதான் பிறகு டாக்டர் கெல்சி. 1960-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பில் சேர்ந்த புதிதிலேயே தாலிடோமைடு விண்ணப்பம் அவர் மேசைக்கு வந்தது. தூக்கத்துக்கும் மசக்கை வாந்திக்கும் வெளிநாடுகளில் சக்கைப்போடு போட்ட மாத்திரை. கம்பெனி விடாமல் நெருக்கியது. கொடுத்த ஆதாரம் போதாது என்று அவர் ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்பினார். அந்த மாத்திரை சாப்பிட்டவர்களுக்குக் கை கால் மரத்துப்போவதாக ஒரு மருத்துவ இதழில் கடிதம் வந்ததும், கருவிலிருக்கும் குழந்தைக்கு என்ன ஆகும் என்று கேட்டார். 1961 கடைசியில் பதில் தெரிந்தது. உலகமெங்கும் சுமார் 10,000 குழந்தைகள் கை கால் குறைபாடுகளோடு பிறந்தார்கள். அமெரிக்காவில் சோதனைக்கென்று டாக்டர்களிடம் கொடுத்த மாத்திரைகளால் சிலரே பாதிக்கப்பட்டார்கள். ஆபத்து நிரூபணமாகும் முன்பே, சந்தேகம் தீரட்டும் என்று பிடிவாதமாக நின்றாரே, அதற்காகவே அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

2025-ல் அதே டைஎத்திலீன் கிளைக்கால், நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தில் இருந்தது. மத்தியப் பிரதேசத்தில் 20 குழந்தைகளுக்கு மேல் பலியானார்கள். மனசு ஆறவில்லை.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இருமல் மருந்தே வேண்டாம். ஐந்து வயதுவரை டாக்டர் சொல்லாமல் கொடுக்காதீர்கள். கர்ப்பிணிகள் வாந்தி மாத்திரையைக்கூடத் தாங்களாக வாங்க வேண்டாம். பில் கேளுங்கள், அதில் பேட்ச் எண் இருக்கிறதா பாருங்கள். மருந்து குடித்த குழந்தை வாந்தி எடுத்து, சிறுநீர் குறைந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அந்தப் பாட்டிலையும் கையோடு கொண்டுபோங்கள்.