மார்க்குக்காகப் பிறக்கும் கம்பிகள்

பெரம்பூர் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "மொட்டை மாடியில் மீன்முள் மாதிரி ஆன்டெனா இருக்கும். காக்கா உட்கார்ந்தால் திரும்பிவிடும். ஒருத்தர் ஏறித் திருப்ப, கீழேயிருந்து 'தெரியுது, தெரியுது' என்று கத்துவோம். இப்போது போனில் அந்தக் கம்பி எங்கே சார்?"

உள்ளேதான் இருக்கிறது, சுருங்கி. போன் பயன்படுத்தும் அலைகளில் ஒன்றான 700 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 43 செ.மீ. ஆன்டெனாவுக்கு அதில் கால்வாசியாவது கொடுத்தால் நிம்மதி. போனில் அதற்கு ஏது இடம்? சின்னதாக்கினால், குடத்துத் தண்ணீர் மாதிரி ஆற்றல் வெளியே போகாமல் அங்கேயே தளும்பும். அந்தத் தளும்பலும் ஒரே தாளத்துக்குத்தான் ஒத்துவரும். அலைவரிசை கொஞ்சம் மாறினாலும் அனுப்பிய ஆற்றல் திரும்பி வந்துவிடும். இந்த எல்லையை 1948-ல் சூ என்ற ஆய்வாளர் கணக்குப் போட்டுக் காட்டினார். அதைத் தாண்ட முடியாது, ஒட்டிக்கொண்டு போகலாம்.

அப்படி ஒட்டிப் போகும் வடிவத்தைக் கையால் வரைவது கஷ்டம். அதனால் கணினியிடம் விடுகிறார்கள். 'இவ்வளவு தூரம் போ, இந்தக் கோணத்தில் வளை' என்று கட்டளைகளாக எழுதினால் அதுதான் ஒரு கம்பியின் ஜாதகம். கன்னாபின்னாவென்று சில நூறு ஜாதகங்கள் போட்டு, ஒவ்வொன்றையும் மின்காந்த அலை எப்படி நடக்கும் என்று சொல்லும் மேக்ஸ்வெல் சமன்பாடுகளில் ஓட்டிப் பார்த்து மார்க் போடுவார்கள். தேறியவற்றின் முன்பாதியையும் பின்பாதியையும் மாற்றி ஒட்டினால் பிள்ளைகள். அங்கங்கே ஒரு கோணத்தைக் கலைத்துவிட்டு, மறுபடி பரீட்சை.

எனக்குப் பிடித்த கூத்து இந்த மார்க்கில்தான். 'பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஆற்றல் திரும்பக் கூடாது, எல்லா அலைவரிசையிலும்' என்று மட்டும் கேள்வித்தாள் கொடுத்துப் பாருங்கள். ஆற்றலை வீணடிக்கும் பொருளும் கையில் இருந்தால், வருவதையெல்லாம் சூடாக்கி விழுங்கும் ஒரு கம்பி முதல் ரேங்க் வாங்கிவிடும். எதுவும் திரும்பவில்லை, சரிதான். எதுவும் வெளியேயும் போகவில்லை! கைடு படித்துப் பாஸாகும் பிள்ளையேதான். 'எவ்வளவு வெளியே போனது' என்று தனிக் கேள்வி வைத்த பிறகுதான் அது அடங்கும்.

(போன் பின்னால் 'கதிர்வீச்சு தடுக்கும்' ஸ்டிக்கர் ஒட்டுகிறவர்களுக்கு: அது நிஜமாகவே தடுத்தால், டவருக்குக் கேட்க வேண்டுமென்று போன் இன்னும் சத்தமாகக் கத்தும். அந்தக் காசுக்கு மசால் தோசை சாப்பிடலாம்.)

இப்படிப் பிறந்த ஒரு ஆன்டெனா 2006 மார்ச்சில் நாசாவின் எஸ்டி-5 செயற்கைக்கோள்களில் விண்வெளிக்கே போனது. படத்தைப் பார்த்தால், நம்மூர்க் காக்கா கூட்டிலிருந்து கீழே விழுந்த கம்பித்துண்டு என்றுதான் சொல்வீர்கள்.