கடனாளி ஏமாற்றினால் யார் பணம் போகிறது? உங்கள் 5 லட்சம் பற்றி

பெரிய ஆள் ஒருவர் கடன் வாங்கி ஏமாற்றினால், "பேங்க் பணம்தானே" என்கிறோம். வங்கி கடன் கொடுப்பது பெரும்பாலும் நம்மைப் போன்றவர்கள் போட்ட டெபாசிட்டிலிருந்துதான்.

மும்பைக்காரர்களுக்கு இது தெரியும். 2019 செப்டம்பரில் பிஎம்சி கூட்டுறவு வங்கிக்கு ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தது. அதன் கடனில் பெரும்பகுதி எச்டிஐஎல் என்ற ஒரே கட்டுமானக் குழுமத்துக்குப் போயிருந்தது. முதல் உத்தரவுப்படி ஒரு கணக்கில் 1,000 ரூபாய்தான் எடுக்கலாம். பிறகுதான் அந்த வரம்பு கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தது. மகள் கல்யாணத்துக்குச் சேர்த்தவர், ஆபரேஷனுக்குப் பணம் கட்ட வேண்டியவர், பராமரிப்பு நிதியை அங்கே வைத்திருந்த ஹவுசிங் சொசைட்டி என்று தவித்தது இவர்கள்தான். கடனில் இவர்களுக்கு ஒரு பைசா பங்கில்லை.

வங்கி முடங்கினால் டெபாசிட் போட்டவருக்குக் கிடைக்கும் டெபாசிட் காப்பீடு அப்போது 1 லட்சம் வரைதான். 2020 பிப்ரவரி 4 முதல் அது 5 லட்சம் வரை. பிரீமியத்தை வங்கியே கட்டும். 2021 சட்டத் திருத்தத்தின்படி, ரிசர்வ் வங்கி பணம் எடுக்கத் தடை போட்டால், பொதுவாக 90 நாளில் இந்தக் காப்பீட்டுத் தொகை கைக்கு வர வேண்டும்.

இதைக் கணக்குப் போடுவதில்தான் பலர் தவறுகிறார்கள். 5 லட்சம் என்பது ஒரு வங்கியில் ஒருவருக்கு, அசலும் வட்டியும் சேர்த்து. தாராவி கிளையில் 3 லட்சம், செம்பூர் கிளையில் 4 லட்சம் வைத்திருந்தாலும், வங்கி ஒன்று என்றால் 5 லட்சம்தான் கிடைக்கும். உங்கள் பெயரில் ஒரு கணக்கு, மனைவி பெயரில் ஒன்று, இருவர் பெயரிலும் ஒன்று என்றால் மூன்றுக்கும் தனித்தனி வரம்பு. அதே வங்கியில் உங்களுக்குக் கடன் பாக்கி இருந்தால் அதைக் கழித்துக்கொண்டுதான் தரலாம்.

கடன் தரும்போது கூட்டுறவு வங்கி வாங்கச் சொல்லும் பங்குக்குக் காப்பீடு கிடையாது. பத்பேடி எனப்படும் கடன் சங்கங்களுக்கும் சீட்டுக்கும் கிடையாது. நம் ஆட்கள் தினக் கலெக்ஷனுக்குப் பணம் கொடுப்பது பல நேரம் இந்தச் சங்கங்களில்தான். எனக்குக் கவலையே அதுதான். ரசீதில் வங்கி என்று இருக்கிறதா, சங்கம் என்று இருக்கிறதா, இன்றே பாருங்கள்.

தடை வந்துவிட்டால் சும்மா காத்திருக்க வேண்டாம். காப்பீட்டுத் தொகை வேண்டும் என்ற விருப்பக் கடிதத்தையும் வேறொரு வங்கிக் கணக்கு எண்ணையும் அந்த வங்கியிலேயே கொடுக்க வேண்டும். ஆதார், பான் விவரங்கள் பழையதாக இருந்தால் பணம் தாமதமாகும், அதை இப்போதே புதுப்பித்து வையுங்கள்.