மனைவி தயங்கவில்லை, லைன்தான் தயங்கியது

"விசா அடுத்த மாசம் கைக்கு வந்துடும். கிளம்பி வந்துடறியா?" என்று டர்பனில் வேலை பார்க்கும் கணவர் வாட்ஸ்அப் வீடியோவில் கேட்கிறார். தென்காசியில் இருக்கும் மனைவி உடனே "வந்துடறேங்க" என்கிறார். உடனேதான் சொன்னார், துளியும் யோசிக்கவில்லை. ஆனால் அந்தப் பதில் கணவரின் காதில் விழ ஒரு விநாடி ஆகிறது. அந்த ஒரு விநாடிக்குள் அவர் மனசு எங்கெங்கோ போய்விடுகிறது. ஏன் யோசிக்கிறாள்? இஷ்டமில்லையோ? அம்மா ஏதாவது சொல்லியிருப்பார்களோ?

இப்படி ஆரம்பிக்கும் மனத்தாங்கல் தென்னாப்பிரிக்கத் தமிழர்களுக்குப் புதிதல்ல. 1860 நவம்பரில் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பன் வந்து சேர்ந்த நாளிலிருந்தே இங்குள்ள குடும்பங்கள் கடலுக்கு இரண்டு பக்கமும் பிரிந்துதான் வாழ்ந்தன. இப்போது பிரிவு வேறு திசைகளிலும் போகிறது. டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதி வீடுகளின் பிள்ளைகள் பெர்த்திலும் லண்டனிலும் ஆக்லாந்திலும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்கும் டர்பனுக்கும் வேலைக்கு வந்தவர்கள் குடும்பத்தை ஊரில் விட்டிருக்கிறார்கள். ஆக, இவர்கள் கூடிப் பேசுவதற்கு இருப்பது ஒரு சின்னத் திரைதான். அந்தத் திரை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் பல சண்டைகள் தொடங்காமலே போகும் என்று உறுதியாக நம்புகிறேன்.

முதலில், நேருக்கு நேர் பேசும்போது என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஒருவர் பேசி முடித்து அடுத்தவர் தொடங்குவதற்குள் எவ்வளவு நேரம் போகும்? 2009-இல் பத்து மொழிகளை வைத்து நடந்த ஆய்வில், ஆம் - இல்லை என்று பதில் வரும் கேள்விகளை எடுத்துக்கொண்டு இதை அளந்தார்கள். சராசரி இடைவெளி சுமார் 0.2 விநாடி. மொழிக்கு மொழி கொஞ்சம் கூடுதல் குறைவு உண்டு, ஆனால் எல்லாம் அரை விநாடிக்குள் அடங்கிவிட்டன.

இதில் ஆச்சரியம் என்னவென்றால், ஒரே ஒரு சொல்லை மனதில் எடுத்து வாய்க்குக் கொண்டுவரவே மூளைக்கு சுமார் 0.6 விநாடி பிடிக்கிறது. அப்படியானால் 0.2 விநாடியில் பதில் வருவது எப்படி? எதிராளி முடிக்கும் முன்பே அவர் எங்கே முடிப்பார் என்று ஊகித்து, பதிலைத் தயார் செய்துவிடுகிறோம். "சாப்பிட்டியா?" என்பது கேள்வி என்று தெரிவது கடைசி எழுத்தில்தான். இருந்தாலும் அதற்குள் நம் வாய் பதிலுக்குத் தயாராகிவிடுகிறது. தமிழைப் போலவே வினைச்சொல்லைக் கடைசியில் வைக்கும் ஜப்பானிய மொழியில்தான் அந்த ஆய்வின் மிகக் குறுகிய இடைவெளி பதிவானது.

அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: 'ஆம்' வேகமாக வரும், 'இல்லை' தாமதமாக வரும். மறுப்பதற்கு நாம் எல்லோருமே கொஞ்சம் தயங்குகிறோம். கேட்பவரும் இதை அறியாமலே கற்றுவைத்திருக்கிறார். அமெரிக்க ஆங்கிலம், இத்தாலியன், ஜப்பானிய மொழி பேசுவோரிடம் 2011-இல் வெளியான ஓர் ஆய்வு, 'சரி' என்ற பதிலுக்கு முன்னால் இருந்த இடைவெளியை மட்டும் நீட்டிக் கேட்கவைத்தது. இடைவெளி நீள நீள, பதில் சொன்னவருக்கு விருப்பம் குறைவு என்றே மூன்று மொழிக்காரர்களும் மதிப்பிட்டார்கள். சொன்னது என்னவோ 'சரி'தான். காதில் விழுந்தது 'வேண்டா வெறுப்பாகச் சரி'.

இப்போது டர்பன் - தென்காசிக் கணக்குக்கு வருவோம். குரல் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் போக 0.4 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேள்வி போவதற்கு 0.4, மனைவியின் இயல்பான இடைவெளி 0.2, பதில் வருவதற்கு 0.4. மொத்தம் ஒரு விநாடி. மனைவியைப் பொறுத்தவரை அவர் 0.2 விநாடியில் பதில் சொல்லிவிட்டார். கணவரைப் பொறுத்தவரை அவள் ஒரு விநாடி மௌனமாக இருந்தாள். அந்த மௌனம் கணவரின் பக்கத்தில் மட்டுமே இருக்கிறது, மனைவியின் பக்கத்தில் அப்படி ஒன்று நடக்கவே இல்லை. அவள் கேள்வி கேட்டு இவர் பதில் சொல்லும்போது நிலைமை தலைகீழாகிறது. இருவருமே எதிராளி தயங்கியதாகச் சத்தியம் செய்வார்கள், ஆனால் யாருமே தயங்கியிருக்க மாட்டார்கள்.

இந்த 0.4 விநாடி எங்கிருந்து வருகிறது? தூரத்தால் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். டர்பனுக்கு வடக்கே கடலோரத்தில் ம்துன்சினி என்ற சிற்றூர் இருக்கிறது. கொச்சி வழியாகப் பினாங்கு வரை போகும் சேஃப் என்ற கடலடி இன்டர்நெட் கேபிளும், 2009-இல் வந்த சீகாம் கேபிளும் அங்கேதான் கரையேறுகின்றன. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு சுமார் 2,00,000 கி.மீ. ஓடும். கேபிள் சுற்றி வளைத்து 12,000 கி.மீ. போவதாகவே வைத்துக்கொண்டாலும் 0.06 விநாடிதான் ஆகிறது. செயற்கைக்கோள் காலம் வேறு. 36,000 கி.மீ. மேலே போய் இறங்குவதற்கே கால் விநாடி போய்விடும். அந்த நாள் வெளிநாட்டுப் போன் பேசியவர்களுக்கு அந்த இழுவை நினைவிருக்கும்.

பெரும்பாலான தாமதம் கேபிளின் இரண்டு முனைகளிலும்தான் பிறக்கிறது. நம் குரலை போன் 0.02 விநாடித் துண்டுகளாக நறுக்கி, சுருக்கி, பொட்டலம் பொட்டலமாக அனுப்புகிறது. எல்லாப் பொட்டலமும் ஒரே சீராக வந்து சேராது. சில முந்தும், சில பிந்தும், சில தொலைந்தே போகும். வந்தது வந்தபடி ஒலித்தால் குரல் கடகடவென்று உடையும். அதனால் வாங்கும் போன் அவற்றைக் கொஞ்ச நேரம் தேக்கிவைத்துச் சீராக வெளியே விடுகிறது. மாநகராட்சித் தண்ணீர் விட்டுவிட்டு வந்தாலும் மொட்டைமாடித் தொட்டி இருந்தால் குழாயில் சீராக வருமே, அந்த மாதிரி. லைன் எவ்வளவு தடுமாறுகிறதோ அவ்வளவு பெரிய தொட்டி வேண்டும், தொட்டி பெரிதாகப் பெரிதாகத் தாமதமும் கூடும். ஆக, குரல் தெளிவாகக் கேட்கிறது என்பதால் தாமதமே இல்லை என்று நினைக்கக் கூடாது. தெளிவுக்குக் கொடுத்த விலையே அந்தத் தாமதமாக இருக்கலாம்.

லோட்ஷெடிங் நேரத்தில் இது எங்களுக்கு நன்றாகவே தெரிந்தது. மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2023-இல், கரண்ட் போனால் வீட்டு வைஃபை அணையும். தெருவே மொபைல் டேட்டாவுக்குத் தாவும். டவரின் பேட்டரியும் தீர்ந்துவிட்டால் அத்தனை போன்களும் பக்கத்து டவரில் போய் மொய்க்கும். பொட்டலங்கள் வரிசையில் காத்துக் கிடக்கும். கேபிள் அறுந்தாலும் இதே கதைதான். 2024 மே மாதம் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையோரம் ஈஸி, சீகாம் கேபிள்கள் இரண்டும் ஒரே நாளில் பழுதானபோது, போக்குவரத்தை மேற்குக் கரை வழியாகச் சுற்றிவிட வேண்டியிருந்தது.

பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஒருவழித் தாமதம் 0.15 விநாடிக்குள் இருந்தால் நல்லது என்கிறது. 0.4-ஐத் தாண்டவே கூடாது என்பது அதன் பரிந்துரை. தாண்டினால் என்ன ஆகும் என்பதை ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்டார்கள். தாமதமான லைனில் பேசியவர்கள் லைனைக் குறை சொல்லவில்லை. பேசிய ஆளைத்தான் கவனமில்லாதவர், அவ்வளவு சிநேகமில்லாதவர் என்று மதிப்பிட்டார்கள். இயந்திரத்தின் குற்றம் மனிதரின் குணமாகப் பதிவாகிறது. இதுதான் என்னை உண்மையாகவே வருத்தப்படுத்துகிறது.

தாமதத்தைவிட நுட்பமான இன்னொரு சேதமும் உண்டு. சாட்ஸ்வொர்த்தில் எனக்குத் தெரிந்த ஓர் ஆயா, பெர்த்தில் இருக்கும் பேரனுக்கு ஞாயிற்றுக்கிழமை மதியம் கதை சொல்வார். பாதி தமிழ், பாதி இங்கிலீஷ். அங்கே அப்போது இரவு, பையன் தூங்கப்போகும் நேரம். கதை என்றால் கேட்கிறவன் 'ம்' கொட்ட வேண்டும் இல்லையா? அந்த 'ம்' அடுத்த வாக்கியத்தின் நடுவில் வந்து விழும். ஏதோ கேட்கிறான் போலிருக்கிறது என்று ஆயா நிறுத்துவார். பையனும் நிறுத்துவான். "சொல்லுப்பா", "நீங்க சொல்லுங்க ஆயா" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொல்வார்கள். பல நேரம் 'ம்' வரவே வராது. ஆயாவின் குரல் பெர்த் ஸ்பீக்கரில் ஒலித்து அங்குள்ள மைக்கிலேயே திரும்ப நுழையும். அது எதிரொலியாகத் திரும்பிவிடாமல் இருக்க, போன் அதைக் கழித்துவிடப் பார்க்கிறது. அந்த நேரத்தில் மைக்கில் விழும் மெல்லிய சத்தங்களும் சேர்ந்து அழிந்துபோகலாம். 'ம்'மைவிட மெல்லிய சத்தம் எது? பையன் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். ஆயாவுக்கு அது தெரிய வழியில்லை. "அவனுக்கு இப்பல்லாம் என்கிட்ட இஷ்டமில்ல" என்றார் என்னிடம்.

அப்புறம் அவர் வாய்ஸ் நோட்டுக்கு மாறினார். அதில் முறை வைத்துப் பேசும் கட்டாயமே கிடையாது. பதில் நாளைக்கு வந்தாலும் யாரும் அதைத் தயக்கமாக எடுத்துக்கொள்வதில்லை. டேட்டாவும் வீடியோவில் ஒரு சிறு பங்குதான் செலவாகும். பையன் மறுநாள் பள்ளிக்கூடம் போகும் வழியில் "அந்த நரி அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டு அனுப்பினான்.

மௌனமே கெட்டது என்று சொல்லவரவில்லை. 2023-இல் வெளியான ஓர் ஆய்வில், அறிமுகமில்லாதவர்களுக்கு நீண்ட இடைவெளி சங்கடமாக இருந்தது, நண்பர்களுக்கோ அது இன்னும் நெருக்கமான தருணமாக அமைந்தது. இருவரும் ஒன்றாக இருக்கும் மௌனம் அது. லைன் உண்டாக்கும் மௌனத்தில் எப்போதும் ஒருவர் தனியாகத்தான் இருக்கிறார்.

சில விஷயங்கள் நம் கையில் இருக்கின்றன. ப்ளூடூத் இயர்போன் 0.1 விநாடியோ அதற்கு மேலுமோ சேர்க்கக்கூடும், வயர் உள்ளது நல்லது. இயர்போன் போட்டாலே எதிரொலிப் பிரச்சினை குறைந்து 'ம்'களும் பிழைக்கும். லைன் திணறினால் வீடியோவை அணைத்துக் குரலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய விஷயம் பேசும் முன் ஒரு சோதனை செய்யலாம்: ஒருவர் 'ஒன்று' என்றதும் மற்றவர் 'இரண்டு', மறுபடி இவர் 'மூன்று' என்று பத்து வரை மாறி மாறி எண்ணுங்கள். நீங்கள் சொன்ன எண்ணுக்கும் எதிராளியின் எண்ணுக்கும் நடுவே நீங்கள் கேட்கும் இடைவெளியில் பெரும்பகுதி லைன் போட்ட தாமதம்தான், யார் மனசும் போட்டதல்ல. அது ஒரு விநாடியைத் தொட்டால், விசா, வீட்டை விற்பது, பெண் பார்க்கும் பேச்சு எதையும் அன்றைக்கு எடுக்காமல், சாப்பாடு, மழை, பிள்ளைகளின் படிப்பு என்று பேசிவிட்டு, மற்றதை லைன் நன்றாக இருக்கும் நாளுக்குத் தள்ளிவையுங்கள்.