நேராக ஓட மறுக்கும் டைகர்: லெகோ கட்டைகளில் ஒரு டாங்கி

லெகோ கட்டைகளில் ரிமோட் டாங்கி செய்ய இறங்குபவர்கள் பீரங்கிக் குழலையும் கவசத் தகடுகளையும் நினைத்துத்தான் ஆரம்பிக்கிறார்கள். வெளித்தோற்றத்தை எப்படியாவது கொண்டுவந்துவிடலாம். பக்கத்துக்கு ஒரு மோட்டார் வைத்து, சங்கிலிப் பட்டையை மாட்டி, தரையில் விட்டுப் பார்க்கும்போதுதான் சிக்கல் தெரியும். இரண்டு நெம்புகோலையும் முழுதாக முன்னே தள்ளினாலும் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து சோபாவுக்கு அடியில் போய் நிற்கும். இரண்டாம் உலகப் போர்க் காலப் பொறியாளர்கள் மல்லுக்கட்டிய பிரச்சினையின் பொம்மை வடிவம் இது. தீர்வும் ஏறக்குறைய அவர்கள் கண்டுபிடித்ததேதான்.

ஜெர்மனியின் டைகர் 1 டாங்கியையே எடுத்துக்கொள்வோம். கட்டை ரசிகர்களுக்கு அதன் மேல் தனி மோகம். ஆனால் லெகோ பெட்டியாக அது கடையில் கிடைக்காது. இன்றைய போர்க்களங்களில் பிள்ளைகள் பார்த்து அடையாளம் கண்டுகொள்ளக்கூடிய ஆயுதங்களையும் ராணுவ வண்டிகளையும் தவிர்ப்பது டென்மார்க் நிறுவனமான லெகோவின் கொள்கை. 2020-இல் வி-22 ஆஸ்ப்ரே விமானத்தை மீட்பு விமானமாக வடிவமைத்து வெளியிட இருந்தார்கள். அசல் விமானத்தை ராணுவம் மட்டுமே பயன்படுத்துகிறது என்று ஜெர்மனியின் அமைதி இயக்கம் ஒன்று எதிர்ப்புத் தெரிவித்தது. விற்பனைக்கு வருவதற்குச் சற்று முன்பு அதைக் கைவிட்டார்கள். போலந்தின் கோபி நிறுவனம் டாங்கிப் பெட்டிகளைத் தாராளமாக விற்கிறது, ஆனால் அவை பெரும்பாலும் அலமாரியில் வைத்து அழகு பார்க்கும் ரகம். ஓடும் டாங்கி வேண்டுமென்றால் பல்சக்கரம், அச்சு, சட்டம் என்று இயந்திர வேலைக்கான லெகோவின் டெக்னிக் வரிசைத் துண்டுகளை எடுத்து நாமே வடிவமைக்க வேண்டியதுதான்.

முதல் கேள்வி அளவு. இதை முடிவு செய்வது நாம் இல்லை, கையில் இருக்கும் சங்கிலித் துண்டு. டெக்னிக்கின் அகலமான சங்கிலித் துண்டு ஐந்து குமிழ் (லெகோ கட்டையின் மேல் துருத்தி நிற்கும் மொட்டு) அகலம். குமிழுக்குக் குமிழ் 8 மி.மீ., ஆக 40 மி.மீ. டைகரின் போர்க்களச் சங்கிலி 725 மி.மீ. அகலம். வகுத்தால் பதினெட்டில் ஒரு பங்கு என்று வருகிறது. அதே கணக்கில் வண்டியின் மொத்த அகலமான 3.7 மீட்டர் 26 குமிழுக்குச் சற்றுக் குறைவு. சரி, 26 என்று வைத்துவிடலாமே என்றால், அங்கேதான் வம்பு. டெக்னிக் சட்டங்களில் பெரும்பாலானவை 3, 5, 7, 9 என்று ஒற்றைப்படை நீளம். பீரங்கித் தலையைத் தாங்கும் சுழல்மேடையும் ஏழு குமிழ். ஒற்றைப்படைத் துண்டை இரட்டைப்படை உடலின் நட்டநடுவில் உட்கார வைக்க முடியாது, அரைக் குமிழ் தள்ளிப் போகும். அதனால் 25 என்று வைத்து, சில மில்லிமீட்டரை மனசாட்சியிடம் மன்னிப்புக் கேட்டு விட்டுவிடுவார்கள்.

அளவு சுருங்கும்போது எடை இன்னும் வேகமாகச் சுருங்குகிறது. நீளம் 18 மடங்கு குறைந்தால் கன அளவு 18-இன் மும்மடி, அதாவது 5,832 மடங்கு குறையும். 57 டன் டைகரை அப்படியே எஃகில் சுருக்கினால் பத்து கிலோவுக்குச் சற்றுக் குறைவாக வரும். லெகோவின் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கின் அடர்த்தி எஃகில் ஏழில் ஒரு பங்குதான், உள்ளேயும் நிறைய வெற்றிடம். மோட்டார், பேட்டரி எல்லாம் சேர்த்து மூன்று கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். வெறும் குத்தூசிகளால் கோத்த ஒரு பிளாஸ்டிக் சட்டகம் நொறுங்காமல் தாங்குவதற்கு இந்த மும்மடிக் கணக்குதான் காரணம்.

இப்போது நேராக ஓட்டும் பிரச்சினை. ஒரே வகை மோட்டார் இரண்டை வாங்கினாலும் அவை துல்லியமாக ஒரே வேகத்தில் சுற்றுவதில்லை. போதாததற்கு ஒரு பக்க அச்சு கொஞ்சம் இறுக்கமாக இருக்கும், ஒரு பக்கச் சங்கிலி கொஞ்சம் தொய்ந்திருக்கும். வித்தியாசம் வெறும் 3 சதவீதம் என்றே வைப்போம். நம் மாதிரியில் இரண்டு சங்கிலிகளின் நடுக்கோடுகளுக்கு இடையே சுமார் 16 செ.மீ. இந்த 3 சதவீதம் வண்டியை ஐந்து மீட்டருக்குச் சற்று அதிகமான ஆரமுள்ள வட்டத்தில் இழுத்துச் செல்லும். மூன்று மீட்டர் ஓடுவதற்குள் முக்கால் மீட்டருக்கும் மேல் பாதை விலகிவிடும்.

திரும்புவது அதைவிடக் கடினம். டாங்கிக்குத் திரும்பும் முன்சக்கரம் கிடையாது. மாட்டு வண்டியைத் திருப்பும்போது உள்பக்க மாட்டைப் பிடித்து நிறுத்தி வெளிப்பக்க மாட்டை நடக்க விடுவார்களே, அதே உபாயம்தான். ஆனால் உருளும் சக்கரம் போல் சங்கிலி எளிதில் இசைந்து கொடுக்காது. தரையில் படிந்திருக்கும் அதன் முழு நீளமும் பக்கவாட்டில் தேய்ந்துகொண்டுதான் திரும்ப வேண்டும். நம் மாதிரியில் அந்த நீளம் சுமார் 20 செ.மீ. மூன்று கிலோ எடை, உராய்வுக் குணகம் 0.5 என்று எடுத்தால், நின்ற இடத்தில் திரும்பச் சங்கிலியை ஓட்டும் ஒவ்வொரு பல்சக்கரத்துக்கும் பத்து நியூட்டன்-சென்டிமீட்டர் அளவுக்கு முறுக்கு விசை வேண்டும். லெகோவின் பழைய பவர் ஃபங்ஷன்ஸ் வரிசையில் எம் மோட்டார் திணறி நிற்கும் அளவே ஏறத்தாழ 11. எக்ஸ்எல் மோட்டாரோ 40 வரை தாக்குப்பிடிக்கும். நேராக ஜம்மென்று ஓடும் பொம்மை டாங்கி, கம்பளத்தில் திரும்பச் சொன்னால் உறுமிக்கொண்டு நிற்பதன் ரகசியம் இதுதான். சங்கிலி தரையைத் தொடும் நீளம், இரு சங்கிலிகளுக்கு இடைப்பட்ட அகலத்தைவிட எவ்வளவு அதிகமோ அவ்வளவு பாடு. டைகர் இந்த விஷயத்தில் பரவாயில்லை, குண்டு உடம்பு.

அசல் டாங்கிகளில் பல, உள்பக்கச் சங்கிலிக்குப் போகும் விசையை கிளட்ச் போட்டுத் துண்டித்து, பிரேக்கால் பிடித்துத்தான் திரும்பின. ரஷ்யாவின் டி-34 அப்படித்தான். எளிமையான ஏற்பாடு, ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் என்ஜின் தரும் ஆற்றலில் ஒரு பகுதி பிரேக்கில் சூடாகி வீணாகும். பிரிட்டனின் சர்ச்சில் டாங்கியில் வந்த மெரிட்-பிரவுன் கியர் பெட்டி வேறு வழியில் போனது. ஒரு பக்கத்தை நிறுத்தாமல், ஒரு பக்கத்தின் வேகத்தைக் குறைத்து அதே அளவு மறுபக்கத்தில் கூட்டுவது. டைகருக்கு ஹென்ஷெல் நிறுவனம் செய்த திருப்பும் அமைப்பும் இதே கருத்தில் அமைந்தது. எட்டு முன்னோக்கு கியர், கியருக்கு இரண்டு திருப்ப ஆரம் என்று மொத்தம் பதினாறு. ஓட்டுநர் கையில் நெம்புகோலுக்குப் பதில் காரில் இருப்பது போல் ஒரு ஸ்டியரிங். 1943 ஏப்ரலில் துனிசியாவில் பிரிட்டிஷ் படையிடம் சிக்கிய 131 எண் டைகர் இன்றும் இங்கிலாந்தின் போவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில் ஓடும் நிலையில் இருக்கிறது.

இந்தக் கூட்டல் கழித்தலை லெகோவில் செய்ய இரண்டு டிஃபரன்ஷியல் போதும். ஆட்டோவின் பின்சக்கரங்களுக்கு நடுவே இருக்கும் அதே சமாச்சாரம்தான். அதன் கூண்டு சுற்றும் வேகம், இருபுறமும் வெளிவரும் அச்சுகளின் வேகத்துக்குச் சரியான சராசரி. இடது பக்கத்துக்கு ஒன்று, வலது பக்கத்துக்கு ஒன்று வையுங்கள். இரண்டு கூண்டுகளையும் ஓட்டும் மோட்டார் ஒரே அச்சிலிருந்து சுற்றட்டும். ஒவ்வொன்றிலும் ஓர் அச்சு சங்கிலிக்குப் போகட்டும், மற்றது திருப்பும் மோட்டாருக்கு. ஆனால் திருப்பும் மோட்டாரிலிருந்து ஒரு பக்கத்துக்குப் போகும் வழியில் மட்டும் கூடுதலாக ஒரு பல்சக்கரத்தைச் செருகிச் சுழற்சியை எதிர்த்திசை ஆக்கிவிட வேண்டும். இப்போது ஒரு சங்கிலியின் வேகம் கூண்டின் வேகத்தைப் போல் இருமடங்கு கூட்டல் திருப்பும் வேகம், மற்றதன் வேகம் அதே இருமடங்கு கழித்தல் திருப்பும் வேகம். திருப்பும் மோட்டார் நின்றிருந்தால் இரண்டும் சமம். ஏறத்தாழச் சமம் இல்லை, பல்லுக்குப் பல் சமம். ஓட்டும் மோட்டாரை நிறுத்தித் திருப்பும் மோட்டாரை மட்டும் இயக்கினால் வண்டி நின்ற இடத்திலேயே பம்பரமாகும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. இடதும் வலதும் ஒரே சுமையில் இருக்கும்போது திருப்பும் மோட்டாரை வந்தடையும் எதிர்விசைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒரு சங்கிலி மட்டும் புத்தகம் ஒன்றின் மேல் ஏறினால் சுமை மாறும், மிச்ச விசை திருப்பும் மோட்டாரைப் பின்னோக்கிச் சுற்றப் பார்க்கும். அது சுற்றிவிட்டால் நேர்கோடு போச்சு. அதனால் அந்த மோட்டாருக்குப் பின்னால் ஒரு வார்ம் கியரை வைப்பார்கள். திருகுபோல இருக்கும் இந்தத் துண்டு மற்றப் பல்சக்கரத்தைச் சுற்றும். மற்றப் பல்சக்கரத்தால் இதைச் சுற்ற முடியாது. தானாகப் பூட்டிக்கொள்ளும் பூட்டு.

கூண்டைவிட அச்சு இருமடங்கு வேகமாகச் சுற்றுவதால் முறுக்கு விசை பாதியாகிவிடும். அதை ஈடுகட்ட 8 பல்லும் 24 பல்லும் கொண்ட ஜோடியால் வேகத்தை மூன்றில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும். எங்கே குறைப்பது என்பதில்தான் அனுபவம் பேசும். டிஃபரன்ஷியலுக்கு முன்னால் குறைத்தால் பெருகிய விசை முழுதும் அதற்குள் இருக்கும் சின்னஞ்சிறு கூம்புச் சக்கரங்களின் மேல் விழும். பின்னால், சங்கிலியை ஒட்டிக் குறைத்தால் அவை பிழைக்கும். பெரிய சுமையில் லெகோ பல்சக்கரம் உடைவதற்கு முன் வழுக்கும். அச்சு நூலளவு வளைந்து, பல்லும் பல்லும் விலகி, உள்ளேயிருந்து டக் டக் டக்கென்று சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால் கூடுதல் மோட்டார் தேடாதீர்கள். அந்த அச்சின் இரு முனையையும் பல்சக்கரத்தை ஒட்டியே சட்டத்தால் பிடித்துக் கட்டுங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும்.

பீரங்கித் தலையைச் சுழற்றுவது இதனோடு ஒப்பிட்டால் குழந்தை விளையாட்டு. 56 பல் சுழல்மேடையை வார்ம் கியர் ஒரு சுற்றுக்கு ஒரு பல்லாக நகர்த்தும். நிமிடத்துக்கு 400 முறை சுற்றும் எம் மோட்டார், தலையை எட்டு ஒன்பது வினாடியில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிடும். அசல் டைகரில் கைச்சக்கரத்தால் சுழற்ற நேர்ந்தால் குறிபார்ப்பவர் அதை 720 முறை சுற்ற வேண்டும்.

பவர் ஃபங்ஷன்ஸ் ரிமோட் அகச்சிவப்பில் பேசுவதால் அதன் ஏற்பியை வெளியே எட்டிப் பார்க்கும்படி வைக்க வேண்டும், என்ஜின் மூடிக்குப் பக்கத்தில் ஒளித்து வைப்பார்கள். வெயிலில் அது சரியாகக் காது கொடுக்காது. இப்போதைய புளூடூத் ஹப்பில் (மோட்டார்களை இணைக்கும் பேட்டரிப் பெட்டி) அந்தத் தொல்லை இல்லை. அதோடு வரும் மோட்டார்கள் தம் சுழற்சியைத் தாமே எண்ணிச் சொல்வதால், பக்கத்துக்கு ஒன்று வைத்து இரண்டையும் மென்பொருளாலேயே ஒரே வேகத்தில் கட்டிப்போடலாம். இரட்டை டிஃபரன்ஷியலின் வேலை பாதி போச்சு. ஆனால் மோட்டார் எண்ணுவது பல்சக்கரத்தின் சுற்றை, தரையில் நகர்ந்த தூரத்தை இல்லை. வழவழப்பான டைல்ஸில் ஒரு பக்கச் சங்கிலி சறுக்கினால் மென்பொருளுக்கும் தெரியாது, டிஃபரன்ஷியலுக்கும் தெரியாது. அதற்குச் சங்கிலித் துண்டின் துளைகளில் செருகும் சின்ன ரப்பர் துண்டுகள் தனியாகக் கிடைக்கின்றன. ஒன்று விட்டு ஒன்று போட்டாலே பிடிப்பு வந்துவிடும். எல்லாத் துண்டிலும் போட்டால் நேராக ஓடும், ஆனால் திரும்பும்போது தேய்மானம் கூடி மறுபடியும் அந்த டக் டக் கேட்கும்.