வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையா? சத்தத்தை முதலில் சொல்லுங்கள்

பழைய கார் வைத்திருப்பவர்கள் என்னிடம் வந்ததும் சொல்வது, "வண்டி ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது." அடுத்ததாகச் சொல்வது இன்னும் பழகிப்போன வாக்கியம்: "பேட்டரியைப் புதுசா மாத்திட்டேன், அப்பவும் அப்படியேதான் இருக்கு." நான் உடனே பானெட்டைத் திறப்பதில்லை. சாவியைத் திருப்பும்போது என்ன சத்தம் வருகிறதோ அதை வாயால் செய்து காட்டச் சொல்வேன். சிலர் கூச்சப்படுவார்கள், சிலர் அச்சு அசலாக "டக்" என்று காட்டிவிடுவார்கள். எப்படிக் காட்டினாலும் சரி, அந்த ஒரு நிமிடத்தில் பாதி வேலை முடிந்துவிடும்.

ஏனென்றால் "ஸ்டார்ட் ஆகவில்லை" என்பதற்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு கோளாறுகள் இருக்கின்றன. ஒன்று, செல்ஃப் (இன்ஜினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார்) சுற்றவே இல்லை, அல்லது திணறித் திணறிச் சுற்றுகிறது. மற்றது, செல்ஃப் ஜோராகச் சுற்றுகிறது, ஆனால் இன்ஜின் பிடிக்கவில்லை. முதலாவதில் பொறி தரும் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பதும் வீண், இரண்டாவதில் பேட்டரியை மாற்றுவதும் வீண். இவ்வளவு எளிய பிரிவினையைச் செய்யாமல்தான் ஒவ்வொரு பாகமாக மாற்றிக்கொண்டே போகிறார்கள்.

செல்ஃப் சுற்றாத வண்டியில் நான் முதலில் செய்வது ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புவது. விளக்கு அணைந்துவிடுகிற அளவுக்கு மங்கி, "டகடகடக" என்று விடாமல் அடித்தால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினலில் இணைப்பு சரியில்லை. விளக்கு கொஞ்சமும் மங்காமல், சத்தமும் வராமல் இருந்தால் மின்சாரம் செல்ஃப் வரைக்கும் போகவே இல்லை என்று அர்த்தம். இக்னிஷன் சுவிட்ச், ரிலே, ஆட்டோமேட்டிக் வண்டியானால் கியரில் இருக்கும்போது செல்ஃப் அடிக்க விடாத நியூட்ரல் சுவிட்ச், இவற்றைத்தான் பார்க்க வேண்டும். ஒரே ஒரு பலமான "டக்", விளக்கும் லேசாகத்தான் மங்குகிறது என்றால் சோலனாய்டுக்குள் (செல்ஃபுக்கு மின்சாரத்தை இணைத்துவிடும் காந்த சுவிட்ச்) இருக்கும் செம்புக் கான்டாக்ட் தேய்ந்திருக்கலாம், மோட்டாருக்குள் இருக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். இதற்கு மீட்டர்கூடத் தேவையில்லை, யார் வேண்டுமானாலும் வீட்டு வாசலிலேயே செய்து பார்க்கலாம்.

மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. வண்டி சில மணி நேரம் சும்மா நின்ற பிறகு பேட்டரியில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12-க்குக் கீழே போனால் கிட்டத்தட்ட காலி. ஆனால் சும்மா நிற்கும்போது 12.6 காட்டுகிற பேட்டரி நல்ல பேட்டரி என்று நம்பிவிடாதீர்கள். ஒரு ஆளை செல்ஃப் அடிக்கச் சொல்லி, அந்த நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரியைச் சந்தேகப்படலாம். இன்ஜின் ஓடும்போது 13.8-இலிருந்து 14.5 வரை காட்ட வேண்டும், அதற்குக் கீழே இருந்தால் சார்ஜ் சரியாக ஏறவில்லை, நீங்கள் மாற்றிய புதுப் பேட்டரியும் சில நாட்களில் பழைய பேட்டரி மாதிரியே படுத்துக்கொள்ளும்.

இப்போது ஒரு வண்டியின் கதை. இரண்டு பேட்டரி மாற்றியாகிவிட்டது, ஸ்டார்ட்டர் மோட்டாரும் புதியது. அப்படியும் காலையில் செல்ஃப் நோயாளி மாதிரி முனகியது. நான் மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் முளையிலும் (கிளாம்பில் அல்ல, நேராக ஈய முளையிலேயே), இன்னொரு முனையை இன்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இடத்திலும் வைத்துவிட்டு செல்ஃப் அடிக்கச் சொன்னேன். நல்ல வண்டியில் அங்கே 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். இதில் 1.8. அதாவது செல்ஃபுக்குப் போய்ச் சேர வேண்டியதில் ஏறக்குறைய 2 வோல்ட்டை, பேட்டரியின் நெகட்டிவை இன்ஜினோடு இணைக்கும் எர்த் வயரே தின்றுகொண்டிருந்தது. வெளியே பார்த்தால் வயர் நன்றாகத்தான் இருந்தது. உறையை வெட்டிப் பார்த்தால் உள்ளே செம்பு முழுக்கப் பச்சையாகப் பூத்துப் பொடிந்துபோயிருந்தது. ஒரே ஒரு வயர். அந்தச் சோதனைக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது, ஆனால் முன்னால் பார்த்த யாரும் அதைச் செய்யவில்லை. செல்ஃப் 100, 200 ஆம்பியர் என்று இழுக்கிற சாமான், அந்த அளவு மின்னோட்டத்துக்கு முன்னால் சின்னத் துருகூடப் பெரிய தடைதான்; உட்புற விளக்கு பளிச்சென்று எரிவதை வைத்து "கரண்ட் நல்லா வருதே" என்று முடிவு செய்தால் இப்படித்தான் ஏமாந்துபோவோம்.

சரி, செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின்தான் பிடிக்கவில்லை. இங்கே என் அடுத்த கேள்வி: குளிர்ந்திருக்கும்போதா, சூடாக இருக்கும்போதா? இதற்குப் பதில் சொல்லத் தெரியாத உரிமையாளரிடம் வண்டியை வாங்கி ஒரு நாள் வைத்துக்கொள்வேன், வேறு வழியில்லை.

காலையில் முதல் தடவை மட்டும் தகராறு, அப்புறம் நாள் முழுக்க ஒழுங்கு என்றால், கார்புரேட்டர் வண்டியில் சோக் (காற்றைக் குறைத்துப் பெட்ரோல் விகிதத்தைக் கூட்டும் தகடு) சரியாக மூடுகிறதா என்று பார்ப்பேன். இன்ஜெக்‌ஷன் வண்டியில் சோக்கின் வேலையை மறைமுகமாகச் செய்வது கூலன்ட் வெப்பநிலை சென்சார். இன்ஜின் குளிர்ந்திருக்கிறது என்று அது சொன்னால்தான் கம்ப்யூட்டர் கூடுதலாகப் பெட்ரோல் கொடுக்கும். பல வண்டிகளில் இந்த சென்சார் 20 டிகிரியில் 2,000 முதல் 3,000 ஓம் வரை காட்டும், 80 டிகிரியில் 300 ஓம் பக்கம் இறங்கிவிடும். அது கெட்டுப்போய் காலையிலேயே 300 காட்டினால், இன்ஜின் சூடாக இருப்பதாக நினைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் கஞ்சத்தனம் பண்ணும். சென்சார் ஒரேயடியாக அறுந்து போகாமல் இப்படிப் பொய் மட்டும் சொல்லும்போது பழைய வண்டிகளில் எச்சரிக்கை விளக்குகூட எரியாமல் போகலாம்.

இன்னொரு காலைத் தகராறு, இரவோடிரவாகப் பெட்ரோல் குழாயில் அழுத்தம் இறங்கிவிடுவது. பம்பில் இருக்கிற ஒருவழி வால்வு தேய்ந்தால் இது நடக்கும். கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. செல்ஃப் அடிக்காமல் சாவியை ஆன் மட்டும் செய்யுங்கள், பின்சீட்டுப் பக்கம் இரண்டு விநாடி "ம்ம்ம்" என்று பம்ப் ஓடும் சத்தம் கேட்கும், ஆஃப் செய்யுங்கள், இதையே மூன்று தடவை செய்துவிட்டு அப்புறம் செல்ஃப் அடியுங்கள். உடனே பிடித்துக்கொண்டால் சந்தேகத்தை அந்தப் பக்கம் திருப்பலாம். பம்ப் சத்தமே இல்லை என்றால் ஃபியூஸ், ரிலே, பிறகு பம்ப். ஒருமுறை ஒருவர் வண்டியில் ரிலேயை மட்டும் மாற்றி அனுப்பியபோது, "இவ்வளவுதானா?" என்று கொஞ்சம் ஏமாற்றத்தோடு கேட்டார்.

சூட்டில் மட்டும் வரும் தகராறு வேறு ஜாதி. ஓடி வந்து நின்றதும் இன்ஜினின் சூடு மேலே ஏறும். காற்றும் இல்லை, கூலன்டும் ஓடவில்லை, நின்ற பிறகுதான் சில இடங்களில் வெப்பம் அதிகமாகும். கார்புரேட்டர் கிண்ணத்துப் பெட்ரோல் கொதித்து உள்ளே வழிந்துவிடும், குழாயில் ஆவி அடைத்துக்கொள்ளும். இன்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் சூட்டில் உள்ளே இணைப்பு விட்டுப்போய், ஆறியதும் ஒட்டிக்கொள்ளும். இந்தக் கடைசிக் கோளாறைப் பிடிக்க ஒரு குறிப்பு: செல்ஃப் அடிக்கும்போது ஆர்.பி.எம். முள்ளைப் பாருங்கள். பல வண்டிகளில் அது லேசாகவாவது எழும்பும். பூஜ்ஜியத்திலேயே கிடந்தால் கம்ப்யூட்டருக்கு இன்ஜின் சுற்றுவதே தெரியவில்லை என்று பொருள். வண்டி ஆறியபிறகு கொண்டுவந்தால் என்னால் எதையும் கண்டுபிடிக்க முடியாது, அதனால் பிரச்சினை வந்த இடத்திலேயே இந்த முள்ளைப் பார்த்து வையுங்கள்.

பாயின்ட் (பொறி வரும் நேரத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கும் சிறு கான்டாக்ட்) வைத்த பழைய இக்னிஷன் வண்டிகளில் எனக்குப் பிடித்த ஒரு கோளாறு இருக்கிறது. செல்ஃப் அடிக்கும்போது இன்ஜின் பிடிக்கும். சாவியை விட்டதும் அணைந்துவிடும். திரும்ப அடித்தால் பிடிக்கும், விட்டால் அணையும். பெட்ரோல் பிரச்சினை என்று கார்புரேட்டரைப் பிரித்துப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். உண்மையில் இந்த மாதிரிப் பல வண்டிகளில் பொறிக்கு வேண்டிய உயர் வோல்ட்டேஜை உண்டாக்கும் காயிலுக்குப் போகும் பாதையில் பாலாஸ்ட் ரெசிஸ்டர் என்று ஒரு தடை இருக்கும், செல்ஃப் அடிக்கும் நேரத்தில் மட்டும் அதைத் தாண்டி முழு வோல்ட்டேஜ் நேராகப் போகும். அது எரிந்து போயிருந்தால், சாவி பழைய இடத்துக்குத் திரும்பியதும் காயிலுக்கு ஒன்றும் வராது. பாயின்ட் இடைவெளி சாதாரணமாக 0.4 மில்லிமீட்டர் சுற்றி இருக்கும், அதையும் ஒரு கை பார்த்துவிடுங்கள். மழைநாளில் மட்டும் தொந்தரவு என்றால், இருட்டில் இன்ஜினை ஓடவிட்டு பிளக் வயர்களைத் தள்ளி நின்று பாருங்கள், நீல நிறத்தில் பொறி ஓடுவது கண்ணுக்கே தெரியும். கையால் மட்டும் தொட வேண்டாம், அதில் வருவது ஆயிரக்கணக்கான வோல்ட்.

டீசல் வண்டிக்குப் பொறியே கிடையாது, எல்லாமே அழுத்தத்தில் பிறக்கும் சூடுதான். சிலிண்டருக்குள் முன்கூட்டியே சூடேற்றும் ஹீட்டர் பிளக்குகள் போய்விட்டால் குளிர் காலையில் நீண்ட நேரம் சுற்றி, வெள்ளைப் புகை கக்கி, பிறகு ஒரு சிலிண்டர் இரண்டு சிலிண்டராகப் பிடிக்கும். பிளக்கின் வயரைக் கழற்றி ஓம் பார்த்தால், நல்லது பெரும்பாலும் ஒன்றிரண்டு ஓமுக்குள் இருக்கும், செத்தது எதையும் காட்டாது. ராத்திரி நிறுத்தி வைத்த பிறகு டீசல் குழாய் ஏர் எடுத்துக்கொள்வது அடுத்த சந்தேகம், ஃபில்டர் பக்கம் ஒளி ஊடுருவும் குழாய் ஒரு துண்டு மாட்டினால் குமிழி ஓடுவது தெரியும்.

எல்லாம் சரியாக இருந்தும் பிடிக்காத இன்ஜினில் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம், பார்க்க வேண்டியிருக்கும். 1912-இல் கேடிலாக் கார்களில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் வருவதற்கு முன்பு கைப்பிடியைச் சுழற்றித்தான் கிளப்பினார்கள், அது திருப்பி உதைத்து மணிக்கட்டை ஒடித்த கதைகள் நிறைய. ஆனால் அப்படிச் சுற்றியவருக்கு ஒரு சிலிண்டர் பலவீனமானால் கையிலேயே தெரிந்திருக்கும். நமக்குக் காதுதான். நல்ல இன்ஜின் தாளம் தவறாமல் சுற்றும். ஒரு சிலிண்டர் போயிருந்தால் நடுவில் ஒரு வேகமான துள்ளல் கேட்கும். கனமே இல்லாமல் "விர்ர்" என்று ஒரே சீராகச் சுற்றினால் உடனே கையை எடுத்துவிடுங்கள். வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து இயங்கவைக்கும் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம், மேற்கொண்டு அடித்தால் பல இன்ஜின்களில் பிஸ்டன் வால்வை முட்டும்.

பொதுவாகவே பத்து விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். நடுவில் ஒரு நிமிடமாவது ஆறவிடுங்கள். பிடிக்கும் வரை விடமாட்டேன் என்று அடிப்பவர்கள் ஸ்டார்ட்டரை எரிப்பதோடு, எரியாத பெட்ரோலை, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள்ளும் அனுப்புகிறார்கள். எளிதில் தீப்பற்றும் ஈதர் ஸ்ப்ரே அடிப்பது இன்னொரு கெட்ட பழக்கம். ஹீட்டர் பிளக் உள்ள டீசலில் அது ஆபத்தும்கூட, பிஸ்டனே உடைந்த வண்டியைப் பார்த்திருக்கிறேன். ஜம்ப்பர் கேபிள் மாட்டினால் கடைசி நெகட்டிவ் கிளிப்பைத் தீர்ந்துபோன பேட்டரியில் போடாமல், தள்ளியுள்ள இன்ஜின் இரும்பில் போடுங்கள். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், ஒரு பொறி போதும்.

போன மாதம் ஒருவர் வந்தார். பேசவே இல்லை, ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். காலையில் முதல் அடியிலேயே பிடிக்கிறது. ஓட்டிவிட்டு 20 நிமிடம் நிறுத்தி எடுத்தால் மட்டும் பிடிப்பதில்லை. அப்போது பெட்ரோல் வாசனை. ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு அடித்தால் பிடிக்கிறது. பிடித்ததும் கறுப்புப் புகை. நான் படித்துவிட்டு நேராக, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்கள் மாட்டியிருக்கும் ஃபியூவல் ரெயிலைக் கழற்றினேன். மூன்றாவது இன்ஜெக்டரின் மூக்கு நனைந்து, சொட்டிக்கொண்டிருந்தது.